ஐயாயிரம் பேர் எழுதிய கட்டுரை

கேள்வி: உலகை மாற்றிய முதல் பத்து ஆய்வுக் கட்டுரைகள் எவை? அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டவை எவை என்று பார்த்து வரிசைப்படுத்தித் தர முடியுமா, ஐயா?
– பல்கலைக்கழக மாணவி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: பத்து! இந்தப் பத்தின் மேல் நமக்கு என்ன மோகமோ. குறளா, அதிகாரத்துக்குப் பத்து. சங்கப் பாட்டா, பத்துப்பாட்டு. பசி வந்தால் பறப்பதும் பத்துதான். ஜனவரியில் மெட்ரிக் என்னும் பள்ளி இறுதித் தேர்வின் முடிவு வந்தால் கேட்கவே வேண்டாம், "உங்கள் பிள்ளைக்கு எத்தனை டிஸ்டிங்ஷன்?" என்று டர்பன் முழுக்க எண்ணிக்கைதான். ஏழு வாங்கிய பிள்ளையின் படத்தை இலவசமாகப் போடச் சொல்லி வரும் கடிதங்கள் எங்கே போகும் என்பதை இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன். குப்பைக் கூடை இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

சரி, மேற்கோளுக்கு வருவோம். ஒரு கட்டுரையைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை அடிக்குறிப்பில் காட்டியிருக்கின்றன என்று 2014இல் நேச்சர் என்ற அறிவியல் இதழ் எண்ணிப் பார்த்தது. முதலிடம் ஐன்ஸ்டைனுக்குக் கிடைக்கவில்லை. ஆலிவர் லௌரி என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் கூட்டாளிகளோடு 1951இல் எழுதிய கட்டுரைக்குக் கிடைத்தது. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறை அது. அப்போதே மூன்று லட்சம் மேற்கோள்களைத் தாண்டியிருந்தது. அந்த முறையில் புரதம் அளந்தவர்கள் மரியாதைக்கு அவர் பெயரைப் போட்டார்கள், அவ்வளவுதான். அது ஒன்றும் மகத்தான கட்டுரை இல்லை என்று லௌரியே எழுதியிருக்கிறார். டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளைச் சொன்ன வாட்சன்-கிரிக் கட்டுரையோ (1953, இரண்டு பக்கத்துக்குள் முடிந்துவிடும்) முதல் நூறிலேயே இல்லை. பள்ளிப் பாடமாகிவிட்ட விஷயத்துக்கு யார் அடிக்குறிப்பு போடுவார்கள்?

எனக்குப் பிடித்த கட்டுரை எது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

ஆலன் கார்மாக் ஜோஹனஸ்பர்க்கில் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் போய், டாக்டர் பட்டம் வாங்காமலே திரும்பி வந்து, கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தார். அங்கே குரூட் ஸ்கியூர் மருத்துவமனையில் இருந்த இயற்பியலாளர் வேலையை விட்டுவிட்டார். கதிரியக்கப் பொருள்களைத் தகுதியுள்ள ஒருவர் மேற்பார்வையிட வேண்டும் என்பது சட்டம், ஊரிலோ வேறு ஆள் இல்லை. அதனால் 1956இன் முதல் பாதியில் வாரத்துக்கு ஒன்றரை நாள் இவர் போய் வந்தார். புற்றுநோயாளிக்குக் கதிர் கொடுக்கக் கணக்குப் போடும்போது, உடம்பு முழுக்க ஒரே பொருளால் ஆனது போல வைத்துக்கொண்டு போடுகிறார்களே என்று அவருக்கு உறுத்தியது. எலும்பும் நுரையீரலும் ஒன்றா? பல கோணங்களில் கதிரைச் செலுத்தி, மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று அளந்தால் உள்ளே எங்கே என்ன இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம் என்று கண்டார். அதற்கான கணிதத்தை 1963இலும் 1964இலும் இரண்டு கட்டுரைகளாக வெளியிட்டார்.

யாரும் சீந்தவில்லை. கட்டுரையின் படி கேட்டு வந்த கடிதங்களில் சுவாரஸ்யமானது, சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு மையத்திலிருந்து வந்ததாம்! மலைமேல் படியும் பனிக்கும் இந்த முறை செல்லும், கருவியைப் பனிக்கடியில் மலைக்குள் கொண்டுபோய் வைக்க முடிந்தால் போதும் என்று கார்மாக் பிற்பாடு நோபல் உரையில் கேலியாகச் சொன்னார். ஆமாம், நோபல்தான். இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற பொறியாளர் தனியாக முயன்று, இதே வழியில் உடம்பின் உட்புறத்தைப் படமெடுக்கும் சி.டி. ஸ்கேன் கருவியைச் செய்து முடிக்க, 1979இல் பரிசு இருவருக்கும் சேர்ந்து வந்தது. 1965இல் நீங்கள் மேற்கோள் எண்ணியிருந்தால் கார்மாக் உங்கள் பத்திலும் இல்லை, பத்தாயிரத்திலும் இல்லை.

அதே மருத்துவமனையில்தான் 1967 டிசம்பர் 3 அன்று கிறிஸ்டியான் பார்னார்ட் என்ற அறுவை மருத்துவர் உலகிலேயே முதன்முதலாக ஒரு மனிதரின் இதயத்தை இன்னொருவருக்கு மாற்றிப் பொருத்தினார். அதைப் பற்றி அவர் தென்னாப்பிரிக்க மருத்துவ இதழில் எழுதிய அறிக்கையின் தலைப்பிலேயே 'வெற்றிகரமான அறுவை' என்று இருக்கும். இதழ் தேதி டிசம்பர் 30. நோயாளி 21ஆம் தேதியே இறந்துவிட்டார். தலைப்பை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்டுபவர்கள் கவனிக்கவும்.

அப்புறம், எழுதியவர்களை எண்ணுவது என்று இன்னொரு கூத்து இருக்கிறது. 2015இல் ஹிக்ஸ் என்ற, அணுவினும் சிறிய துகளின் நிறை பற்றி ஜெனீவாவின் சேர்ன் இயற்பியல் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த கட்டுரையை எழுதியவர்கள் 5,154 பேர். மொத்தம் 33 பக்கம், விஷயம் ஒன்பது பக்கம், மிச்சமெல்லாம் பெயர்ப் பட்டியலும் ஊர்ப் பட்டியலும். நம் கோயில் கும்பாபிஷேக மலர் மாதிரியே. குருக்கள் ஆசியுரை ஒரு பக்கம், தல வரலாறு ஒரு பக்கம், பிறகு நன்கொடையாளர் பெயர்கள், கோவெண்டர் நாலு பத்தி, நாயுடு ஐந்து பத்தி, பிள்ளை ஆறு பத்தி என்று டெலிபோன் டைரக்டரி.

ஒரு மலரை நான்தான் தொகுத்துக் கொடுத்தேன். நன்கொடையாளர்களை ஆங்கில எழுத்து வரிசையில் போட்டேன். செயலாளரின் பெயர் 'வி'யில் தொடங்குகிறது. கடைசிப் பக்கத்தில், சமையல் எண்ணெய் விளம்பரத்துக்குச் சற்று மேலே போய் உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை, இதழுக்குச் சந்தாவும் கட்டுவதில்லை. ஆனால் யார் வீட்டிலோ ஓசியில் படித்துவிடுகிறார் என்று தெரியும், ஆகவே அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். அந்தச் சேர்ன் கட்டுரையிலும் இதே எழுத்து வரிசைதான். குடும்பப் பெயர் இரண்டு 'ஏ'யில் தொடங்கும் ஓர் இயற்பியலாளர், அந்த ஒரே காரணத்தால், கட்டுரைக்குக் கட்டுரை முதல் ஆளாக நிற்கிறார். ஐயா செயலாளரே, பெயருக்கு முன்னால் இரண்டு 'ஏ' சேர்த்துக்கொள்ளுங்கள். படிவத்துக்கான கட்டணத்தை இதழே கட்டும்.