ஓக் கட்டளையில் ஒரே டொமைன் நூறு வரியாக வந்தால்

மெயில் லொக்கில் (பதிவுக் கோப்பில்) எந்த டொமைனுக்கு, அதாவது முகவரியில் @ க்குப் பின் வரும் பகுதிக்கு, எத்தனை மெயில் போனது என்று ஓக் (awk, வரிகளைத் துண்டாக்கிக் கையாளும் கட்டளை) வைத்து எண்ணினால், ஒரே டொமைன் திரும்பத் திரும்ப 1 என்று வருகிறது என்கிறீர்கள். வரியை வெட்டும் பிரிப்பானாக @ மட்டும் போதாது, [@>] என்று இரண்டு குறியையும் கொடுங்கள். இரண்டாம் புலத்தில், அதாவது வெட்டிய இரண்டாம் துண்டில், டொமைன் தனியாக நிற்கும்.

போஸ்ட்ஃபிக்ஸ் (மெயில் அனுப்பும் மென்பொருள்) லொக்கில் பெறுநர் முகவரி < > குறிகளுக்குள் இருக்கும். நீங்கள் @ இல் மட்டும் வெட்டியதால் ஜிமெயில்.கொம் என்பதோடு ரிலே (மெயில் போன சேவையகம்), டிலே (எடுத்த நேரம்) விபரமெல்லாம் ஒட்டிக்கொண்டு வருகிறது. டிலே எண் வரிக்கு வரி மாறும். அதுதான் எல்லாவற்றுக்கும் 1, 1 என்று விழுகிறது.

எண்ணுவதற்கு முதல், இரண்டாம் புலத்தை மட்டும் ஐந்து வரிக்கு அச்சிட்டுப் பாருங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து கலந்திருந்தால் எல்லாவற்றையும் சிறியதாக்கிவிட்டு எண்ணுங்கள்.

இன்னொன்று, நிலை 'சென்ட்' (அனுப்பியாயிற்று) என்று உள்ள வரிகளை மட்டும் எடுங்கள். ஹட்டன் பக்கம் மழைக்கு லைன் போனால் ஒரே மெயில் நாலைந்து தடவை 'டிஃபர்ட்' (இப்போது போகவில்லை, பிறகு முயலும்) என்று பதிவாகும். அதையும் சேர்த்து எண்ணி, மேலதிகாரியிடம் கணக்குக் காட்டி, நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.