கரு பாதுகாப்புக் கட்டணம்: ஐந்து வருடத்துக்கு மொத்தமாகக் கட்டிவிடலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது, கணவருக்கு 37. ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் கருத்தரிப்பு) சிகிச்சையில் உருவான கருக்களில் நாலு உறைநிலையில் இருக்கின்றன. முதல் முயற்சி கைகூடவில்லை. கொஞ்ச நாள் விட்டு அடுத்ததைப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். பாதுகாப்புக் கட்டணத்தை ஐந்து வருடத்துக்கு ஒரேயடியாகக் கட்டினால் ஒரு வருடக் கட்டணம் தள்ளுபடி என்று சிகிச்சை மையத்தில் சொல்கிறார்கள். சிகிச்சைக்கு வாங்கிய கடனில் பாதி பாக்கி, வட்டி 15 சதவீதம். கையில் இருப்பது மூன்று மாதச் செலவுக்கான பணம். அதை எடுத்துக் கட்டலாமா?

பதில்: வேண்டாம். இப்போதைக்கு ஒரு வருடம் மட்டும் கட்டுங்கள்.

கைகூடவில்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். அதற்குப் பின்னால் எத்தனை ஊசி, எத்தனை ஸ்கேன், ரிசல்ட்டுக்காக எத்தனை நாள் காத்திருப்பு என்பதை என்னிடம் வரும் தம்பதிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த வலியோடு இருக்கும்போது 'தள்ளுபடி' என்ற சொல் பாதுகாப்பு மாதிரி தெரியும். அதனால் கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம்.

முதல் வருடக் கட்டணத்தை எப்படியும் கட்டத்தான் போகிறீர்கள். அதற்கு மேல் இன்று கூடுதலாகப் போடுவது மூன்று வருடப் பணம். அதனால் மிச்சமாவது, இனி வருடத்துக்கு ஒன்றாகக் கட்ட வேண்டிய நாலு கட்டணம். வட்டியாகப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 12.6 சதவீதம். உங்கள் கடன் வட்டியோ 15. கட்டணம் வருடாவருடம் ஏறினால் கணக்கு முன்பணத்தின் பக்கம் கொஞ்சம் சாயும், உண்மைதான். ஆனால் மூன்றாம் வருடமே கருக்களைப் பயன்படுத்தி முடித்துவிட்டால், மூன்று வருடத்துக்கு நாலு வருடப் பணம் கொடுத்ததாகிவிடும். மீதி திரும்ப வருமா என்பதை முதலில் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவசரத்துக்கு வைத்திருக்கும் பணத்தை இதற்காகத் தொடவே கூடாது.

இடைவெளி விட்டால் கரு கெட்டுவிடுமோ என்ற பயத்தில் காசைக் கொட்ட வேண்டாம். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் கருவின் வளர்ச்சி அப்படியே நின்றுவிடுகிறது. 1992-ல் உறைய வைத்த கருக்களிலிருந்து 2022-ல் அமெரிக்காவில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தார்கள். ஆனால் கருவுக்கு வயது ஏறாவிட்டாலும் உங்களுக்கு ஏறும். எவ்வளவு நாள் தள்ளலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பணம் உண்மையில் தேவைப்படப்போவது அடுத்த முயற்சிக்கு. கருவை உருக்கி கருப்பையில் வைப்பது, அதற்கு முன்னும் பின்னும் மருந்து, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, சில நாள் சம்பளமில்லா விடுப்பு எல்லாம் சேர்ந்தால் ஒரு வருடப் பாதுகாப்புக் கட்டணத்தைவிடப் பெரிய தொகை. அதை இனம் இனமாக எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். தனிக் கணக்கு தொடங்கி மாதாமாதம் போட்டு வாருங்கள். பணம் சேர்ந்த பிறகு அடுத்த முயற்சிக்குத் தேதி வாங்கினால் இன்னொரு கடன் வராது.

அப்புறம், கையெழுத்துப் போட்ட படிவங்களைத் தேடி எடுங்கள். கட்டணம் நின்றால் எத்தனை மாதம் கழித்து என்ன செய்வார்கள்? வேறு மையத்துக்கு மாற்றினால் யார் செலவு? கருக்களை உறைய வைத்திருக்கும் தொட்டி பழுதானால் பொறுப்பு யாருடையது? 2018 மார்ச்சில் அமெரிக்காவில் இரண்டு மையங்களில் தொட்டிகள் பழுதாகி ஆயிரக்கணக்கான கருமுட்டைகளும் கருக்களும் பாதிக்கப்பட்டன. அதனால் படிவத்தில் பொறுப்பு பற்றிய பத்தியைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள்.

என்னிடம் வந்த ஒரு தம்பதியின் கார்டு காலாவதியாகி, தானாகப் பணம் போவது நின்றுவிட்டது. நினைவூட்டல்கள் எல்லாம் பழைய மின்னஞ்சலுக்குப் போயிருக்கின்றன. நல்லவேளை, கெடு முடியும் முன் பார்த்துவிட்டார்கள். ஆனால் அந்த அம்மா அதைச் சொல்லும்போது கை நடுங்கியது. உங்கள் இருவரின் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் அங்கே பதிவாகியிருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

அடுத்த கட்டணத்துக்கு ஒரு மாதம் முன்பாக நாள்காட்டியில் ஒரு குறிப்பு போட்டுவையுங்கள். தொடர்வதா, குழந்தை பிறந்த பிறகும் கரு மீதியிருந்தால் என்ன செய்வது, இருவரில் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் முடிவெடுப்பது, படிவத்தில் எழுதியது இன்றும் உங்கள் விருப்பம்தானா என்பதை அன்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். பேசிய பிறகு அந்த வருடக் கட்டணத்தைக் கட்டுங்கள்.