கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு பிறந்த குழந்தைக்குப் பிறந்தநாளைத் தனியாகக் கொண்டாட வேண்டுமா?

தனியாகத்தான் கொண்டாட வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் முடித்துக்கொண்டால் செலவும் அலைச்சலும் மிச்சமாகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். மிச்சமாகும் என்பது உண்மைதான். நாங்களும் ஆறு ஆண்டுகள் அப்படித்தான் மிச்சப்படுத்தினோம். ஏழாவது ஆண்டில் அந்த வழக்கத்தை ஏன் கைவிட்டோம் என்பதைச் சொன்னால் உங்களுக்கு உதவக்கூடும்.

பாம்பனுக்கும் இராமேசுவரத்துக்கும் நடுவிலுள்ள தங்கச்சிமடம் எங்கள் ஊர். பிழைப்பு சென்னையில் என்றாலும், கிறிஸ்துமஸுக்குத் தீவுக்கு வராமல் இருந்ததில்லை. என் மகள் 2016 டிசம்பர் 23 அன்று இராமநாதபுரத்தில் பிறந்தாள். பழைய ஐநூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாமற்போன நாட்கள் அவை. ஏடிஎம்மில் ஒரு நாளைக்கு 2,500 ரூபாய்தான் எடுக்க முடியும் என்பதால், மருத்துவமனைக்குக் கட்ட வேண்டிய பணத்துக்காக நானும் என் மைத்துனரும் ஆளுக்கொரு வரிசையில் நின்றோம். பிள்ளையின் முகத்தை நான் பார்த்தபோது அது பிறந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

டிசம்பர் 23 எங்கள் வீட்டில் கொண்டாட்டத்துக்கு ஏற்ற நாளன்று. கத்தோலிக்கர்களுக்கு அது இன்னும் கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம். நவம்பர் 30-ஐ ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை தொடங்கி நான்கு ஞாயிறுகள் நீளும் இந்தக் காலத்தில் சாமியார் ஊதா நிற உடையில்தான் பூசை வைப்பார். ஞாயிற்றுப் பூசையில் வழக்கமாகப் பாடும் வானவர் கீதத்தைக்கூடப் பாடாமல் 24-ஆம் தேதி நள்ளிரவு வரை ஒத்தி வைத்திருப்பார்கள். இயேசு பாலன் பிறப்பதற்கு முன் வீட்டில் கேக்கு வெட்டக் கூடாது என்பது என் அம்மாவின் கண்டிப்பு. போதாக்குறைக்கு அடுப்படி முழுக்கப் பலகார வேலை நடந்துகொண்டிருக்கும். வாடைக் காற்றும் மழையும் சேர்ந்த மாதத்தில் அதிரசத்துக்கு மாவு இடித்து ஈரம் பார்த்துப் பாகில் போடுவது எளிதான காரியம் அல்ல. சுட்டெடுத்த முறுக்கைச் சூடு ஆறியதும் தகர டின்னில் அடைக்காவிட்டால், கடற்காற்றில் மறுநாளே நமத்துப்போகும். அந்த நேரத்தில் பெண்களிடம் போய்ப் பிறந்தநாள் என்று வாய் திறந்தால் என்ன கிடைக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய தடை ஒன்று இருந்தது. 1964 டிசம்பர் 22 இரவு புயலும் கடலும் சேர்ந்து தனுஷ்கோடியை அழித்தன. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயிலைத் தனுஷ்கோடியை நெருங்கும் இடத்தில் அலை இழுத்துச் சென்றது. பாம்பன் பாலத்தின் கர்டர்களும் விழுந்ததால் தீவு நிலத்தோடு தொடர்பற்றுப் போனது. பிறகு அந்த ஊர் மக்கள் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது, அவருடைய தம்பிக்கு ஆறு வயது. குடும்பம் தனுஷ்கோடியில் கரையை ஒட்டிய குடிசையில் இருந்தது. தாத்தா அம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டை நோக்கி ஓட, பின்னால் வந்த ஆச்சியின் கையிலிருந்து தம்பி நழுவிப் போய்விட்டார். கடல் எடுத்தவருக்குக் கல்லறை கிடையாது என்பதால், ஒவ்வோர் ஆண்டும் 23-ஆம் தேதி விடியற்காலையில் அம்மா தனுஷ்கோடிக்குப் போய், இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரின் அடியில் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துவிட்டு வருவார். தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடியும் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்ட 2017-க்கு முன்பு மணலில் குலுங்கிக்குலுங்கி வேனில் போக வேண்டியிருந்தது. இப்போது ஆட்டோவிலேயே போய்விடலாம். ஆனால் படம் எடுக்க வருகிறவர்களின் கூட்டம் சேருவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பார். அன்றைக்கு முழுதும் அவருக்குக் கஞ்சி மட்டுந்தான்.

அம்மா கஞ்சி குடிக்கும் நாளில் நாங்கள் எப்படிப் பலூன் கட்டுவது? ஆகவே யாரும் கூடிப் பேசி முடிவெடுக்காமலேயே மகளின் பிறந்தநாள் 25-க்குத் தள்ளிப்போயிற்று. கிறிஸ்துமஸுக்கு எடுக்கும் துணியே பிறந்தநாள் துணியும் ஆனது. அன்றைக்கு வீட்டுக்கு வரும் உறவினர்கள் குழந்தையின் கையில் ஒரு பொட்டலத்தையோ நூறு ரூபாயையோ கொடுத்து, “இது ரெண்டுக்கும் சேத்துத்தான்” என்பார்கள். அவர்கள் மனதில் கள்ளம் கிடையாது. ஆயினும் ஜூன் மாதத்தில் பிறந்த என் அண்ணன் மகனுக்கு யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதைப் பிள்ளைகள் கவனிக்காமல் இருப்பார்களா?

2023-இல்தான் அது வெடித்தது. பாம்பனின் பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரிலேயே போக்குவரத்தை நிறுத்திவிட்டதால், அந்த முறை நிலப்பகுதியிலேயே இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு பேருந்தில் சாலைப் பாலத்தைக் கடந்து வந்து சேர்ந்தோம். களைப்போடு பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, மகள் தன்னுடைய ஒற்றைப் பாவாடை சட்டையையும் அண்ணன் மகனின் ஒற்றைச் சட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “அண்ணனுக்குப் பிறந்தநாளைக்கு ஒண்ணு, கிறிஸ்துமஸுக்கு ஒண்ணு. எனக்கு மட்டும் ஏன்ப்பா ரெண்டுக்கும் ஒண்ணு?” என்று கேட்டாள். கிறிஸ்துமஸ் வரட்டும், அதையே போட்டுக்கொள்ளலாம், அதற்குள் என்ன அவசரம் என்று, எல்லாத் தகப்பன்மாரும் சொல்லக்கூடிய பதிலை நானும் சொன்னேன்.

அரிவாள்மனையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினார். புயல் வந்த ஆண்டு தம்பிக்கு வெள்ளைச் சட்டையும் காக்கிக் கால்சட்டையும் தைத்திருந்தார்களாம். தையற்காரரிடமிருந்து வந்த நாள் முதல் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவர் அழுதுகொண்டிருக்க, பாலன் பிறந்த பிறகு போடலாம் என்று ஆச்சி அதைத் தகரப் பெட்டிக்குள் வைத்துவிட்டாராம். பெட்டியும் போயிற்று. புயலைப் பற்றி எத்தனையோ முறை பேசிய அம்மா அந்தச் சட்டையைப் பற்றி அதுவரை ஒரு முறைகூடச் சொன்னதில்லை. சொல்லி முடித்துவிட்டு, “புள்ளைக்கு எடுத்த துணியப் பெட்டியில வைக்காதப்பா. நாளைக்கே போட்டுக்கட்டும். இருபத்தஞ்சுக்கு வேற எடுத்துக்கிடலாம்” என்றார். அந்த நாளில் கொண்டாட்டம் வேண்டாம் என்று அம்மா நினைக்கிறார் என்று ஆறு ஆண்டுகளாக நாங்களே முடிவு செய்து வைத்திருந்தோம். அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை. உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அவர்களிடம் கேட்டீர்களா?

அதற்குப் பிறகு 23-ஆம் தேதி எங்கள் வீட்டில் இப்படித்தான் போகிறது. விடியற்காலையில் அப்பத்தாவோடு பேத்தியும் தனுஷ்கோடிக்குப் போகிறாள். காற்றில் மெழுகுதிரி அணையாமல் இரண்டு கையாலும் மறைத்துப் பிடிப்பது அவள் பொறுப்பு. சாவுச் சங்கதி குழந்தைக்கு எதற்கு என்று என் மனைவி முதலில் தயங்கினாள். எனக்கும் தயக்கம் இருந்தது. ஆனால் திரும்பி வரும்போது இருவரும் ஆட்டோவில் தின்பண்டத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்த பிறகு நாங்கள் பேசாமல் இருந்துவிட்டோம். வந்ததும் குளித்துப் புதுத்துணி உடுத்திக்கொள்வாள். பகலில் கிறிஸ்துமஸ் குடில் வேலை. டிசம்பர் 13 வாக்கில் தட்டுகளில் மண் பரப்பிக் கேழ்வரகை அவளே தூவிவிடுவாள் (நாங்கள் சென்னையில் இருந்தால், அம்மா தூவுவதைத் தொலைபேசியில் அவள் மேற்பார்வை பார்ப்பாள்). பிறந்தநாளன்று அது பச்சைப் புல்லாக எழும்பி நிற்கும். அதைக் குடிலில் எங்கே வைப்பது, இடையர்களை எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதையெல்லாம் அன்று அவள் ஒருத்திதான் தீர்மானிப்பாள். அண்ணன் மகன் வாய் திறக்கக் கூடாது. என் சிறுவயதில் குடிலுக்குக் கடலிலிருந்து பவளக்கல் எடுத்து வந்து மலை கட்டுவோம். பவளப்பாறை சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, எடுத்தால் குற்றம் என்பதால் இப்போது பனையோலையும் சிப்பியும் கடற்கரை மணலும்தான்.

மதியச் சாப்பாடு அவள் கேட்பதுதான்; இதுவரை நண்டுக் குழம்பைத் தவிர வேறெதையும் கேட்டதில்லை. மாலையில் க்ரீம் இல்லாத சிறிய கேக்கு ஒன்று உண்டு. வருகைக் காலத்தில் கேக்கு கூடாது என்ற விதியை அம்மா தளர்த்தவில்லை. அதை ரொட்டி என்று பெயர் மாற்றி அனுமதித்திருக்கிறார். அவருக்கு இன்னும் அன்று கஞ்சிதான், ரொட்டியில் ஒரு விள்ளல்கூட எடுக்க மாட்டார். கூட்டம் சேர்ப்பதில்லை. பள்ளித் தோழிகளுக்கான மிட்டாயை, அரையாண்டுத் தேர்வு முடிவதற்குள் ஒரு நாள் பார்த்துச் சென்னையிலேயே கொடுத்துவிடுகிறோம்.

செலவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கூடுதலாக ஆவது ஒரு துணி, ஒரு சிறிய கேக்கு, ஒரு கிலோ நண்டு, அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் துணியை விலை குறைந்ததாக எடுத்துச் சரிக்கட்டிக்கொள்கிறோம். உறவினர்களிடம் மட்டும் வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: கொடுப்பதானால் பிறந்தநாளன்று கொடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றுமே கொடுக்க வேண்டாம், “ரெண்டுக்கும் சேத்து” என்ற வார்த்தை மட்டும் வேண்டாம். என் பெரியம்மா ஒருவர் இதைக் கேட்டு ஒரு மாதம் பேசாமல் இருந்தார். பிறகு 23-ஆம் தேதி காலையில் முதல் ஆளாக வந்து நின்றார்.

இப்படிப் பிரித்ததில் கிறிஸ்துமஸுக்கு எந்தக் குறையும் வரவில்லை. 24 நள்ளிரவில் வானவர் கீதம் தொடங்கி, மணிகள் அடித்து, குடிலில் பாலனின் சொரூபத்தைத் திறக்கும்போது, தன் முறை முடிந்துவிட்ட நிம்மதியில் அவள் என் மடியில் தூங்கிக்கொண்டிருப்பாள். 25 அன்று பக்கத்திலுள்ள இந்து, முஸ்லிம் வீடுகளுக்குப் பலகாரத் தட்டு கொண்டுபோவதும் கறிச்சோறும் வழக்கம்போல் நடக்கின்றன.

2025 ஏப்ரலில் புதிய தூக்குப்பாலம் திறக்கப்பட்டுவிட்டதால், இம்முறை ரயிலிலேயே தீவுக்குள் வந்துவிடலாம். மகளுக்கு ஒன்பது வயது ஆகப்போகிறது. 23-ஆம் தேதித் துணியை 2024 முதல் அம்மாதான் தன் பணத்தில் எடுக்கிறார். இந்த முறை பாவாடை சட்டை வேண்டாம், பேன்ட்தான் வேண்டும் என்று பேத்தி தொலைபேசியில் சொல்லிவிட்டாள். அப்பத்தா இன்னும் சம்மதிக்கவில்லை.