கறுப்புத் திரையில் கோப்பை விரிக்கும்போது ஃபோல்டர்கள் ஏன் கலைகின்றன?

கேள்வி: என் பழைய கணினியில் ரேம் 2 ஜிபிதான். அதனால் கோப்புகளைச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் செவன் ஜிப்பின், கறுப்புத் திரையில் கட்டளை தட்டி இயக்கும் சிறிய கட்டளைவரி நிரலை மட்டும் வைத்திருக்கிறேன். பெரிய 7இசட் கோப்பு ஒன்றை விரித்தபோது உள்ளே இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் மறைந்து, கோப்புகள் ஒரே இடத்தில் கொட்டிவிட்டன. இன்னொரு கோப்போ பாதியில் நின்றுவிட்டது. என்ன தவறு?

பதில்: முதல் சிக்கலுக்குக் காரணம் ஒரே எழுத்து. நிரலின் பெயருக்கு அடுத்து 'இ' (e) என்ற ஆங்கில எழுத்தைக் கொடுத்திருப்பீர்கள். அது ஃபோல்டர் அமைப்பைப் பொருட்படுத்தாமல் எல்லாக் கோப்புகளையும் ஒரே இடத்தில் போடும். ஃபோல்டர்கள் அப்படியே வேண்டுமென்றால் 'எக்ஸ்' கொடுக்க வேண்டும். கொட்டிக் கிடப்பதைக் கையால் அடுக்க முயலாதீர்கள். வெவ்வேறு ஃபோல்டர்களில் ஒரே பெயரில் இருந்த கோப்புகள் ஒன்றன்மேல் ஒன்று எழுதப்பட்டு அழிந்திருக்கலாம். எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மறுபடி விரிப்பதுதான் பாதுகாப்பு.

விரித்தவை போய்ச் சேரும் இடத்தைக் குறிக்க, சிறு கோட்டுடன் 'ஓ' எழுத்தைப் போட்டு, இடைவெளி விடாமல் ஃபோல்டரின் பெயரை ஒட்டி எழுதுங்கள். பலரும் இடைவெளி விட்டுத்தான் பிழைச்செய்தி வாங்குகிறார்கள். ஃபோல்டர் பெயருக்குள்ளேயே இடைவெளி இருந்தால் அந்தப் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் அடையுங்கள். அந்த ஃபோல்டர் முன்பே இல்லாவிட்டாலும் நிரலே உருவாக்கிக்கொள்ளும். ஏற்கெனவே உள்ள கோப்புகளைத் தொடாமல் தாண்டிப்போக 'ஏஓஎஸ்' (-aos) என்ற சுவிட்சை, அதாவது கட்டளையோடு ஒட்டும் கூடுதல் குறிப்பை, சிறு கோட்டுடன் சேர்க்கலாம்.

பாதியில் நின்ற கோப்புக்கு முதலில் 'டி' (t) கொடுத்துச் சோதியுங்கள். இது வட்டில் எதையும் எழுதாது. எல்லாம் சரி என்று வந்தால் கோப்பில் குறையில்லை. தரவு எதிர்பாராமல் முடிந்துவிட்டது என்று வந்தால் பதிவிறக்கம் முழுமையாகவில்லை. மறுபடி இறக்குவதே வழி. கடவுச்சொல் உள்ள கோப்பில் சிஆர்சி பிழை (விரித்த தரவு சரிபார்ப்பு எண்ணோடு பொருந்தவில்லை என்ற செய்தி) வந்தால், கோப்பைக் குறை சொல்லுமுன் கடவுச்சொல்லைச் சரிபாருங்கள்.

சோதனையே திணறுகிறது என்றால் சந்தேகம் ரேம் மீது விழ வேண்டும். 7இசட் கோப்பைச் சுருக்கும்போது பயன்படும் 'அகராதி', அதாவது திரும்பத் திரும்ப வரும் தரவைக் கண்டுபிடிக்க நினைவில் வைக்கும் பகுதி, விரிக்கும்போதும் முழுசாக ரேமில் உட்கார்ந்தாக வேண்டும். பட்டியல் காட்டும் 'எல்' கட்டளையோடு 'எஸ்எல்டி' (-slt) சுவிட்சைச் சேர்த்தால் சுருக்கிய முறையும் அதன் அருகில் ஓர் எண்ணும் தெரியும். அது 2-இன் அடுக்கு. 26 என்றால் 64 எம்பி, உங்கள் கணினிக்குப் பாரமே இல்லை. 30 என்றால் 1 ஜிபி, இயங்குதளமும் சேர்ந்தால் மூச்சு முட்டும். விரிக்கும்போது இந்த அளவைக் குறைக்க எந்தச் சுவிட்சும் கிடையாது. மற்ற நிரல்களை எல்லாம் மூடிவிட்டு முயலுங்கள், அல்லது ரேம் அதிகமுள்ள கணினியில் விரித்து எடுத்து வாருங்கள்.

அப்படி எடுத்து வரும் பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபியைத் தொடும் தனிக் கோப்பு அதில் ஏறாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் மாற்றும்போது அதிலுள்ளவை அழியும். டார்.ஜிஇசட் (tar.gz) கோப்பு, அதாவது பல கோப்புகளை டார் என ஒன்றாகக் கட்டி அதன்மேல் சுருக்கியது, வந்தால் இருமுறை விரிக்க வேண்டும்: முதல் முறை டார் கோப்புதான் வெளிவரும், அதையும் 'எக்ஸ்' கொடுத்து விரியுங்கள்.