வீட்டு ஹாம் ரேடியோவை வெளியூரிலிருந்து இயக்குவது: கேட்டவர்களுக்குப் பதில்

என் ஹாம் ரேடியோ (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசும் ரேடியோ) ஸ்டேஷன் பாலக்கோடு பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறது, வேலை ஓசூரில். வாரத்தில் ஐந்து நாள் இணையம் வழியாகத்தான் பேசுகிறேன். வந்த கேள்விகளை வரிசையாக எடுத்துக்கொள்கிறேன்.

ஓசூரிலேயே ஆன்டெனா கட்டலாமே அண்ணே?
கட்டிப் பார்த்தேன். சுற்றிலும் எல்இடி விளக்கு, இன்வெர்ட்டர். 40 மீட்டர் அலைப் பட்டையில் இரைச்சலே சிக்னல் மீட்டரில் எஸ்-9, அதாவது பலமான சிக்னல் அளவுக்குக் காட்டியது. தோட்டத்தில் இரண்டு தென்னைக்கு நடுவே 20 மீட்டர் நீள டைபோல் (கம்பி ஆன்டெனா), ராத்திரியில் இரைச்சல் எஸ்-3கூட வராது.

ரவுட்டரில் போர்ட் திறந்தும் வெளியிலிருந்து வீட்டுக் கணினி கிடைக்கவில்லை. (காரிமங்கலம்)
ரவுட்டரில் வெளி ஐ.பி. 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்குகிறதா பாருங்கள். தொடங்கினால் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருக்கிறார்கள், போர்ட் திறந்து பயனில்லை. டெய்ல்ஸ்கேல் (இரண்டு கணினிகளைத் தனி வழியில் இணைக்கும் மென்பொருள்) போடுங்கள். பொது ஐ.பி. இருந்தாலும் ரேடியோவை நேராக இணையத்தில் திறந்து வைக்காதீர்கள்.

பேசும்போது நெட் போய்விட்டால்?
எல்லோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். எனக்கு ஆரம்பத்தில் நடந்தது. பேச்சின் நடுவே இணைப்பு அறுந்தது, ரேடியோ டிரான்ஸ்மிட்டிலேயே நின்றுவிட்டது, ஏனென்றால் 'பி.டி.டி. ஆன்' (பேசும் பட்டனை அழுத்து) கட்டளை போய்ச் சேர்ந்திருந்தது, 'ஆஃப்' போகவில்லை. பக்கத்துத் தோட்டத்து அக்காவுக்குப் போன் போட்டு மெயினை இறக்கச் சொல்வதற்குள் ஒன்பது நிமிடம், அதுவரை அந்த அலைவரிசை மற்றவர்களுக்கு இல்லை. இப்போது ரேடியோ மெனுவில் டைம்-அவுட் 3 நிமிடம் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் வேறு சிம் போட்ட ஒரு ஜிஎஸ்எம் ரிலே (செல்போன் வழியாக இயக்கும் மின் சுவிட்ச்), 13.8 வோல்ட் சப்ளையையே வெட்டும். கரண்ட் இல்லாவிட்டால் திறந்தே, அதாவது இணைப்பு அறுந்தே, கிடக்கிற வகை ரிலேயாக வாங்குங்கள். பேச வழி செய்வதற்கு முன் அணைக்க வழி செய்யுங்கள்.

எந்த ஆப் நல்லது?
ரேடியோ ஐகாம் 7300 என்றால் டபிள்யூஎஃப்வியூ, இலவசம். மற்றவர்கள் மாடலைச் சொல்லுங்கள்.

லைசென்ஸ் இல்லாத என் மகன் போனிலிருந்து பேசலாமா?
கூடாது. உங்கள் உரிமத்தில் நிலைய முகவரியோடு நிபந்தனைகளும் இருக்கின்றன, படியுங்கள். சந்தேகம் இருந்தால் உரிமம் தரும் மத்திய அரசுப் பிரிவான டபிள்யூபிசி-க்கு எழுதிக் கேளுங்கள்.

மோர்ஸ் அடித்தால் கை தடுமாறுகிறது.
நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு புள்ளி 60 மில்லி விநாடி. உங்கள் சத்தம் 200 மில்லி விநாடி கழித்துத் திரும்பி வந்தால் மூன்று புள்ளிக்கு மேல் பின்தங்கும். சைடுடோனை (நீங்கள் அடிப்பது உங்களுக்கே கேட்கும் ஒலி) உங்கள் பக்கமே உண்டாக்குங்கள், வீட்டிலிருந்து வருவதை அடைத்துவிடுங்கள்.

ஓசூரில் உட்கார்ந்துகொண்டு எம்கே92 (பூமியைக் கட்டங்களாகப் பிரித்து இடத்தைச் சொல்லும் குறியீடு) என்று சொல்வது பொய் இல்லையா? (தேன்கனிக்கோட்டை)
இல்லை சார். 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே ஓசூர் எம்கே82, கிழக்கே பாலக்கோடு எம்கே92. அலை கிளம்புவது பாலக்கோட்டுத் தென்னையிலிருந்து. எத்தனை நாடுகளோடு பேசினோம் என்று பார்க்கும் டிஎக்ஸ்சிசி விருதுக் கணக்கும் டிரான்ஸ்மிட்டர் நிற்கும் இடத்தை வைத்துத்தான்.

பாதி வழி ஃபைபரில் வந்த பேச்சு ரேடியோவா? (அதே சார்)
மைக் வயர் நீண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆன்டெனாவை விட்டபின், மேல்வானில் அலையைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலம்தான் கொண்டுபோகிறது. அது படுத்துவிட்டால் எவ்வளவு வேகமான ஃபைபரும் உதவாது. ரிமோட்டில் இருக்கிறேன் என்பதை மட்டும் எதிர்முனையிடம் சொல்லிவிடுவேன், மறைப்பது தப்பு.

அப்படியானால் இரண்டு ரேடியோவையும் நெட்டிலேயே இணைத்துவிடலாமே? (மறுபடியும்)
அப்போது அலையே இல்லை, அதை நானும் ரேடியோ என்று சொல்ல மாட்டேன். இதில் நாம் ஒன்றுதான் சார்.

நேற்றுவரை சரி, இன்று எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து பவர் திரும்பி வருவதைக் காட்டும் அளவு; 1 நல்லது) 3. (அரூர்)
ஆன்டெனாவை ரேடியோவோடு இணைத்துப் பிரிக்கும் ரிலே பெட்டியைத் திறந்து பாருங்கள். என்னுடையதில் தொடுமுனைகளுக்கு இடையே செவ்வெறும்பு ஒன்று நசுங்கிக் கருகிக் கிடந்தது. வயர் நுழையும் துளையை சிலிகானால் அடைத்தேன். தினமும் முதலில் 5 வாட்டில் எஸ்டபிள்யூஆர் பார்க்காமல் பவரை ஏற்றாதீர்கள்.

இடிக்கு அந்த ஆன்டெனா ரிலே போதுமா?
போதாது. ரிலேயின் சில மில்லிமீட்டர் இடைவெளி மின்னலுக்கு ஒன்றுமே இல்லை. சித்திரை, வைகாசியில் ஞாயிறு இரவு கிளம்பும்போதே கோஆக்ஸை (ஆன்டெனா கேபிள்) கழற்றிச் சுவருக்கு வெளியே போட்டுவிடுவேன். அந்த இரண்டு மாதம் ரிமோட் கிடையாது.

எந்த ஆப் சார்?
மூன்றாவது முறை. மேலே இருக்கிறது. மாடல் பெயரையும், அணைக்கும் ரிலே மாட்டியாயிற்றா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், ஞாயிறு பார்க்கிறேன்.