தேயிலைச் செடிக்கு அடியில் யார் நிலம்?

நீலகிரியில் தேயிலை பரவியபின் நிலமும் சாப்பாடும் என்ன ஆயின என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். கோத்தகிரிப் பக்கத்து ஹட்டிக்காரன் நான்; ஹட்டி என்றால் படகர் ஊர். ஒரு ஏக்கர் தேயிலையும் வைத்திருக்கிறேன்.

குன்னூர் வாசகர்: முன்பு இங்கே என்ன விளைந்தது, ஐயா?

சாமை, கேழ்வரகு, பார்லி, கோதுமை. சாமை குத்திய கல் உரல் எங்கள் வாசலில் இன்னும் கிடக்கிறது. ரேஷன் அரிசிப் பையை அதன் மேல்தான் இறக்கி வைக்கிறோம்.

ஊட்டி மாணவி: நிலம் எப்படிக் கைமாறியது?

சில வருஷம் பயிர் வைத்து, அப்புறம் மண்ணை ஆறவிடுவது மலை வழக்கம். ஆறிக்கிடந்த நிலத்தை வெள்ளைக்காரர் கணக்கு தரிசு என்று எழுதியது. தோடர் பழங்குடிகளின் எருமை மேய்ந்த புல்வெளிக்கும் அதே கதி. தரிசு என்று எழுதியபின் தோட்டத்துக்குக் கொடுப்பது சுலபம். 1961-இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோதும் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். அது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன்.

கூடலூர் வாசகி: தலைமுறையாக இருக்கும் பணியர் பழங்குடிகளுக்குப் பட்டா இல்லையே, ஏன் அண்ணா?

அங்கே பெரும்பகுதி நிலம்பூர் கோவிலகம் என்ற மலபார் ஜமீன் குடும்பத்தின் ஜென்ம நிலம், அதாவது பரம்பரைச் சொத்து. 1969-இல் ஜென்மம் ஒழிப்புச் சட்டம் வந்தது. தோட்டக் குத்தகை நிலங்கள் வழக்கில் மாட்டின. காகிதமே இல்லாத ஆதிவாசிகள் நடுவில் நின்றார்கள். அவர்களின் சங்கம் அங்கே தேயிலையையே நட்டு நிலத்தைக் காத்தது. நெல் அறுத்ததும், நிலம் நம் அனுபவத்தில், அதாவது கைவசம், இருந்ததன் அடையாளம் போய்விடும். தேயிலைச் செடி ஐம்பது வருஷம் நிற்கும். காட்டு நிலமாக இருந்து, 13.12.2005-க்கு முன்பிருந்தே அனுபவத்தில் இருந்தால், 2006 வன உரிமைச் சட்டப்படி கிராம சபையில் மனுக் கொடுக்கச் சொல்லுங்கள். ஊர்ப் பெரியவர் வாக்குமூலமும் சான்றுதான். கூடவே இன்னொரு சான்றும் வையுங்கள்.

மஞ்சூர் வாசகர்: இலை விற்ற காசில் அரிசி வாங்கலாமே?

விலை இருக்கும்வரை சரி. 1998-க்குப் பிறகு பச்சைத்தேயிலை விலை விழுந்தபோது பறிகூலிக்கே கட்டவில்லை. சாமை விலை இறங்கினால் வீட்டில் பொங்கலாம், இலையை என்ன செய்வது? எங்கள் ஹட்டிப் பிள்ளைகள் பலர் அப்போதுதான் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கினார்கள்.

கோத்தகிரி வாசகி: அப்படியென்றால் செடியைப் பிடுங்கிவிடலாமா?

மொத்தமாக வேண்டாம். வீட்டை ஒட்டிய சமதளத்தில் நான் பத்து வரிசை எடுத்துவிட்டு பீன்ஸும் கீரையும் போட்டேன். காட்டெருமைக்கு வேலி கட்டாயம். சரிவில் மட்டும் கை வைக்காதீர்கள், ஐப்பசி மழையில் மண் இறங்கிவிடும்.