மௌனத் தியானத்துக்கு எதற்குப் பலர் சேர்ந்து போகிறார்கள்?

பேசவே கூடாது என்றால் வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிடலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். இருந்து பாருங்கள், அரை மணி நேரத்தில் கைபேசி வென்றுவிடும்.

நான் சொல்வது கத்தோலிக்க மௌனத் தியானத்தை. அதன் ஒரு வடிவம், இயேசு சபையை நிறுவியவர்களுள் ஒருவரான புனித இஞ்ஞாசியார் வகுத்த ஆன்மிகப் பயிற்சிகள். அவற்றுக்குத் திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548-இல் ஒப்புதல் அளித்தார். முழுமையாகச் செய்தால் ஏறத்தாழ 30 நாள்; பலரும் 8 நாள் சுருக்க வடிவத்தையே செய்கிறார்கள். நாளுக்கு நான்கைந்து முறை விவிலியப் பகுதியோடு தனித்திருத்தல், திருப்பலி, வழிகாட்டும் குருவோடோ அருட்சகோதரியோடோ சிறு சந்திப்பு. அந்தச் சந்திப்பில் மட்டும் பேசலாம், பேசத்தான் வேண்டும்.

தோழமை சாப்பாட்டு மேசையில் தெரியும். நீங்கள் கேட்காமலேயே எதிரில் இருப்பவர் ரசத்தை உங்கள் பக்கம் நகர்த்துவார். அவர் பெயர், ஊர், வேலை எதுவும் தெரியாது. காலையில் சிற்றாலயத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டது மட்டும் தெரியும். என்ன ஏது என்று விசாரிக்க முடியாது, அறிவுரை சொல்லவும் வழியில்லை (நம்மவர்களுக்கு இதுதான் பெரிய தவம்). அவருக்காக வேண்டிக்கொள்ளலாம். வீட்டில் தனியாக இருந்தால் இது கிடைக்காது.

முதல்முறை என்றால் 8 நாளுக்குப் பதிவு செய்யாதீர்கள். பல தியான இல்லங்களில் வார இறுதித் தியானம் உண்டு; அதில் தொடங்குங்கள்.